ஸ்டீனார் விற்ற கார்

"எதையும் அழிக்காமலே குடுத்துட்டான், ஊன்னி. இங்க பாரு, எல்லாம் அப்படியே இருக்கு."

ஹால்வர் காருக்குள் உட்கார்ந்தபடி மனைவிக்குத் திரையைக் காட்டினான். பக்கத்து வீட்டு ஸ்டீனாரிடமிருந்து இந்தக் கோடையில்தான் அந்த மின்சாரக் காரை வாங்கியிருந்தான். அது நின்ற இடங்களெல்லாம் வரைபடத்தில் நீலப் புள்ளிகளாகத் தெரிந்தன. கடை, தேவாலயம், பல் டாக்டர். அப்புறம், வீடே இல்லாத மலைச்சரிவில் தனியாக ஒரு புள்ளி. அதைத் தொட்டால், ஒவ்வொரு ஆகஸ்டிலும் கார் அங்கே பாதி நாள் நின்றிருப்பது தெரிந்தது.

ஆகஸ்ட் வந்தால் வட நார்வே முழுக்க முல்ட்டெப் பேச்சுதான். சதுப்பில் பழுக்கும் அந்த மஞ்சள் பழம் எங்கே விளைகிறது என்பதை யாரும் யாரிடமும் சொல்வதில்லை. பெற்ற பிள்ளைக்குச் சொல்வதுகூடச் சாகும் தறுவாயில்தான். வாளி வாளியாகப் பறித்து வரும் ஸ்டீனாரை ஹால்வர் எத்தனையோ வருஷமாகக் கேட்டுப் பார்த்துவிட்டான். "மலைமேல" என்பதோடு அவன் பேச்சை முடித்துக்கொள்வான்.

"அடுத்தவங்க எங்க போனாங்க, வந்தாங்கன்னு நோண்டறது நல்லாவா இருக்கு?" என்றாள் ஊன்னி.

"நான் எங்க நோண்டினேன்? காரே சொல்லுது. விக்கறதுக்கு முன்னாடி செட்டிங்ஸ்ல போய் அழிக்கணும்னு அவனுக்குத் தெரியல."

ஊன்னி வீட்டுக்குள் போனாள். வாளிகளை எடுத்து வந்து பின்சீட்டில் வைத்தாள்.

புள்ளி இருந்த இடத்தில் கல்லும் கொசுவும்தான் இருந்தன. சுற்றிச் சுற்றித் தேடியும் ஒரு பழம் கிடைக்கவில்லை. கடைசியில் ஊன்னி ஒரு கல்லில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"காரை இங்க விட்டுட்டு எந்தப் பக்கம் நடந்தானோ! ஜிபிஎஸ் கார்லதானே இருக்கு, அவன் கால்லயா இருக்கு?"

வெறும் வாளியோடு வீடு திரும்ப ஹால்வருக்கு மனமில்லை. நேராகத் தன் சொந்த இடத்துக்கே வண்டியை விட்டான். பழைய கல்குவாரிக்குப் பின்னால், சதுப்பின் ஓரம்வரை கார் போகும். ஊரில் எவருக்கும் தெரியாத இடம் அது. போன வாரம் இதே காரில் வந்து பார்த்தபோது எல்லாம் சிவப்பாக, காயாக இருந்தன. இன்றைக்கு மஞ்சளாகியிருக்கும்.

சதுப்பில் இலைதான் மிச்சமிருந்தது. நடுவில், நிறைந்த இரண்டு வாளிகளுக்கு இடையே உட்கார்ந்து, ஃபிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தான் ஸ்டீனார்.

"வா ஹால்வர், காபி குடி," என்றான். "நான் உனக்குக் காரைத்தான் வித்தேன். அது எங்கெங்க நிக்குதுன்னு காட்டற ஆப் இன்னும் என் போன்லதான் இருக்கு. அதுலேர்ந்து என் பேரை எடுக்கணும்னு உனக்குத் தெரியல போல."