ஞாயிற்றுக்கிழமை பேனர்

ஆசிரியர்களுக்கான டிசைன் செயலியில் புதிய வசதி வந்திருந்தது. இனி தேவைப்படப்போகும் பேனரை அதுவே முன்கூட்டியே செய்து வைக்கும். ஒருமுறைகூட அது தவறியதில்லை.

திங்கள் காலை செண்பகவல்லி டீச்சர் திறந்தபோது ஒரு திருமண பேனர் இருந்தது. மணமகள், அவருடைய ஒன்பதாம் வகுப்பு மாணவி நித்திலா. தேதி, வரும் ஞாயிறு. வாழ்த்துவோர் வரிசையில் முதல் பெயர் அவருடையது.

நித்திலாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"எனக்கே நேத்துதான் சொன்னாங்க டீச்சர்," என்று அவள் அழுதாள். "எப்படியாச்சும் நிறுத்திருங்க."

"நான் இருக்கேன்டி. அழாத."

உடனே குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் கொடுத்தார். போனை வைத்ததும் புதிய பேனர் ஒன்று வந்தது: 'பணிமாறுதலில் செல்லும் செண்பகவல்லி ஆசிரியைக்குப் பிரியாவிடை. சனிக்கிழமை.'

பதறிப்போய்த் திருமண பேனரைத் திறந்தார். ஞாயிறு அப்படியே இருந்தது. வாழ்த்துவோர் வரிசையில்தான் அவர் பெயர் இல்லை.