கைக்குழந்தைக்கு வீடு இல்லை

"ஓனர் கிட்ட குழந்தை இருக்குன்னு மூச்சு விடாதீங்க!" என்று வீட்டு புரோக்கர் வினோத்குமார் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை எல்லாம் திரட்டிச் சொல்லி முடித்தான்.

கமாவும் கிரேஸும் திருதிருவென்று முழித்தார்கள். கென்யாக்காரர்கள். மேடவாக்கம் பக்கம் ஓர் இன்டர்நேஷனல் பள்ளியில் இருவருக்கும் ஆசிரியர் வேலை. கையில் இரண்டு மாதப் பெண் குழந்தை.

காலையிலிருந்து அலைந்ததில் வினோத்குமாருக்கு நாக்கு தள்ளிவிட்டது. நாவலூரில் பதினேழாவது மாடி, நீச்சல் குளம், ஜிம் என்று ராஜபோகமான ஃபிளாட். கிரேஸ் உதட்டைப் பிதுக்கிவிட்டாள்.

"எங்க ஊர்ல ஒரு குழந்தையைப் பத்து பேர் தூக்குவாங்க. இங்க கதவைத் தட்டக்கூட ஆள் இல்லையே!"

ராஜகீழ்ப்பாக்கத்தில் இந்தத் தெருவுக்குள் நுழைந்ததும்தான் அவள் முகம் மலர்ந்தது. இஸ்திரி வண்டி, பூக்காரம்மா, எதிர்வீட்டு மாடியில் காயும் வடகம். வீட்டைப் பார்க்காமலே, "இதுதான்!" என்றாள்.

ஆனால் கேட்டில் ஒரு போர்டு தொங்கியது. 'மாடி வாடகைக்கு. கைக்குழந்தை உள்ளவர்கள் அணுக வேண்டாம்.'

நாய் கூடாது என்பார்கள், கறி மீன் கூடாது என்பார்கள். பச்சைக் குழந்தை கூடாது என்கிற மகானுபாவரை வினோத்குமார் இப்போதுதான் பார்க்கிறான்.

மகானுபாவர் பெயர் சவுரிமுத்து. ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். சிரித்தால் அபராதம் என்பதுபோல் முகம்.

கமாவ் குழந்தையோடு இஸ்திரி வண்டி நிழலில் ஒதுங்கிக்கொள்ள, மற்ற மூவரும் மாடி ஏறினார்கள். வீடு முழுக்கப் புது பெயிண்ட். ஹால் மூலையில் மட்டும் முழங்கால் உயரத்துக்குக் கலர் கலராகக் கிறுக்கல்.

"பழைய டெனன்ட் புள்ள வேலையா சார்? அதான் உஷாரா போர்டு மாட்டிக்கினீங்களா?"

சவுரிமுத்து ஜன்னலைத் திறக்கப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கீழே 'வீல்' என்று அழுகை. பெற்ற மனசு கேட்குமா? கிரேஸ் தடதடவென்று படியிறங்கி ஓடினாள். குட்டு உடைந்துவிட்டது.

பின்னாலேயே வந்த சவுரிமுத்து யாரையும் கேட்காமல் குழந்தையை வாங்கித் தோளில் போட்டார். "வாயு பிடிச்சிருக்கு" என்று முதுகைத் தட்டிக் கொடுத்தார். ஓர் ஏப்பம். அழுகை நின்றது.

"எத்தனை வருஷம் இருப்பாங்க?"

"ரெண்டு வருஷ கான்ட்ராக்ட் சார்."

சவுரிமுத்துவின் முகம் சட்டென்று இருண்டது. குழந்தையைத் திருப்பிக் கொடுத்தார். "அப்போ வீடு இல்லை."

வினோத்குமாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னா சார் நீ! செவுத்துல நாலு கோடு போட்டா குடியா முழுகிடும்? நானே பெயிண்ட் அடிச்சுத் தர்றேன் சார்!"

"பெயிண்டர் அடிக்கத்தான்ப்பா வந்தான். அந்த மூலையை மட்டும் தொடாதேன்னு நான்தான் சொல்லிட்டேன்."

சவுரிமுத்து மாடியைக் கை காட்டினார்.

"அந்தப் புள்ள இங்க தவழ்ந்து, என் கையைப் பிடிச்சு நடந்துச்சு. அப்பாவுக்கு டிரான்ஸ்ஃபர்னு பூனாவுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. ஒரு வருஷமாச்சு, எனக்கு இன்னும் சோறு இறங்கலை. மறுபடியும் ஒண்ணை வளர்த்து, ரெண்டு வருஷத்துல வழியனுப்பச் சொல்றியா?"

வினோத்குமார் தட்டுத் தடுமாறி மொழிபெயர்த்தான். கமாவ், "கான்ட்ராக்டை நீட்டிக்கலாம்" என்று ஆரம்பித்தான். கிரேஸ் குழந்தையை மறுபடியும் அவர் தோளிலேயே போட்டாள். அது அவர் காலரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

சவுரிமுத்து ஒரு கையால் குழந்தையை அணைத்தபடி, மறு கையால் கேட்டிலிருந்த போர்டைக் கழற்றினார்.

"பதினோரு மாச அக்ரிமென்ட் எல்லாம் எனக்கு ஆகாது வினோத்து. இவ பத்தாவது பாஸ் பண்ற வரைக்கும்னு எழுது!"