பூட்டியிருந்த நீல வேன்

சாவியைத் திருப்பி வேனின் பக்கக் கதவைத் திறந்தான். பின்சீட்டில் குழந்தை இல்லை.

குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தான். துடைத்து வைத்தாற்போல் இருந்தது. காற்றுக்காக ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். இப்போது அது மூடியிருந்தது. தூக்கிக்கொண்டு போனவன் ஜன்னலைச் சாத்தி, கதவையும் பூட்டிவிட்டு நிதானமாகப் போயிருக்கிறான்.

"என்னங்க, எழுந்துட்டாளா?" மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"காணோம்."

"காணோம்னா?"

அவனை விலக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு அவன் சட்டையைப் பிடித்தாள். "நானே வெச்சிருக்கேன்னு சொன்னேன்ல? தோள் வலிக்கும், வண்டியில படுக்க வைக்கிறேன்னு பிடுங்கிட்டுப் போனீங்களே!"

பிடுங்கிக்கொண்டு போனது உண்மைதான். பழைய வேன்களுக்கான போட்டியின் நடுவர்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதையே மறந்து துரு சுரண்டி, தகரம் ஒட்டி உயிர் கொடுத்த வண்டி அது. மரத்தடியில் நின்ற வேனில் தூங்கும் மகளைக் கிடத்தி, பூட்டிவிட்டு, மேடையைப் பார்த்து ஓடினான். நினைப்பெல்லாம் பரிசில்தான் இருந்தது.

ஒலிபெருக்கியில் ஒருவர் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார். "எஞ்சின் மட்டும்தாங்க கப்பல்ல வந்துச்சு! மத்ததெல்லாம் நம்ம தொழிற்சாலையிலேயே செஞ்சது. ஒரே நீலம். கதவு, கண்ணாடி, பூட்டு எல்லாம் ஒரே அச்சு. ஒண்ணுல கழட்டினதை இன்னொண்ணுல கண்ணை மூடிக்கிட்டு மாட்டலாம்!" பளபளவென்று வரிசையில் நின்ற வேன்களைப் பார்த்துக் கூட்டம் கைதட்டியது.

"அந்த ஆளை வாயை மூடச் சொல்லுங்க யாராவது!" என்று அவள் அலறினாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது.

பலூன்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "பக்கத்துல ஒரு வழுக்கைத் தலைக்காரர் வண்டி நின்னுச்சே. பரிசு இல்லைன்னு தெரிஞ்சதும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இப்பத்தான் கிளம்பிப் போனாரு."

அப்போதுதான் வரிசையில் இருந்த காலி இடம் அவன் கண்ணில் பட்டது. காலையில் அந்த ஆள் குழந்தையின் கன்னத்தைத் தட்டி, "என் பேத்தி மாதிரியே இருக்கா" என்றாரே. அதைக் கேட்டு அவனும் சிரித்திருந்தான்.

வாசலில் நின்ற போலீஸ்காரர் போனில் பேசினார். நாற்சந்தி சிக்னலில் நீல வேனை மடக்கிவிட்டதாகச் சொன்னார்கள். அவன் ஓடினான். செருப்பு ஒன்று அறுந்தது. இன்னொன்றையும் உதறிவிட்டு ஓடினான். பின்னால் மனைவியின் அழுகை துரத்திக்கொண்டே வந்தது.

வழுக்கைத் தலைக்காரரை வண்டியிலிருந்து கீழே இழுத்துப் போட்டிருந்தார்கள். நாலு பேர் கை அவர் சட்டைக் காலரில் இருந்தது.

"குழந்தையா? எந்தக் குழந்தைங்க?"

"என்னமா நடிக்கிறான் பாரு!" பளாரென்று ஓர் அறை விழுந்தது.

மனைவி பின்கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். "பாப்பா! ஐயோ, அசையவே மாட்டேங்கிறாளே!"

அவன் பக்கக் கதவைப் பிடித்து இழுத்தான். பூட்டியிருந்தது. "திறடா!"

"சாவி ஸ்டியரிங் பக்கத்துல தொங்குது. என்னை விட்டாத்தானே எடுத்துத் தர முடியும்..."

யாரும் விடவில்லை. அவனுக்கும் பொறுமை இல்லை. ஓடி வந்த வழியெல்லாம் உள்ளங்கையில் இறுக்கி வைத்திருந்த சாவியைப் பூட்டில் செருகி வெறியோடு திருப்பினான். கதவு திறந்தது. மனைவி பாய்ந்து மகளை வாரி எடுத்தாள்.

குழந்தை ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது. தூக்கம் கெட்ட கோபத்தில் வீறிட்டு அழுதது. போன உயிர் திரும்பி வந்ததுபோல் அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இவனைச் சும்மா விடாதீங்க சார்!" என்று யாரோ மறுபடியும் கையை ஓங்கினார்கள்.

வழுக்கைத் தலைக்காரர் ஓங்கிய கையைப் பார்க்கவில்லை. கதவில் தொங்கிய சாவியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உங்க சாவி என் வண்டியைத் திறக்குதே... அப்ப பாப்பாவை இதுல படுக்க வெச்சது யாரு?"