அண்ணன் வண்டியின் ஆயில்

"அப்பாவுக்குக் கொள்ளி வைக்க வராதவரு, கருமாதிக்கு மட்டும் மொத ஆளா குந்தியிருக்காரு பாரு மாமா!"

சடையப்பன் சத்தமாகத்தான் சொன்னான். உள்ளே படுத்திருந்த அண்ணன் செந்தமிழ்செல்வனுக்குக் கேட்கட்டும் என்றே சொன்னான்.

"மெதுவாப் பேசுடா," என்றார் தாய்மாமன் ராஜாமணி. "விடிஞ்சா கருமாதி. அதான் வண்டி தண்ணியில முழுவிடுச்சுன்னு சொல்றான் இல்ல?"

"சொல்றாரு. எனக்குத்தான் நம்ப முடியல."

2008 கார்த்திகை. ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கத்தில் அந்த ஊரைச் சுற்றி ஒரே வெள்ளமாய்க் கிடந்த நாளில் அப்பா தங்கராசு இறந்துபோனார். சிதம்பரத்தில் வேலை பார்க்கும் மூத்த மகனுக்குப் போன் போட்டார்கள். "இதோ கெளம்பிட்டேன்" என்றான். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

கொட்டுகிற மழையில் பிணத்தை எவ்வளவு நேரம் வைத்திருப்பது? மூத்தவன் வைக்க வேண்டிய கொள்ளியை இளையவன் வைத்தான். நனைந்த விறகு. அணைந்து அணைந்து எரிந்தது.

மறுநாள் மத்தியானம் செல்வன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான். சேத்தியாத்தோப்பு தாண்டி வெள்ளத்தில் வண்டி முழுகிவிட்டதாம். இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறிவிட்டதாம். ராத்திரி முழுக்க ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கிக் கிடந்தானாம்.

அன்று கொட்டகையில் நிறுத்திய வண்டி. தண்ணீர் ஏறிய இன்ஜினை உதைத்தால் பாழாகிவிடும் என்று யாரும் அதைத் தொடவில்லை.

"காலையில ஆயிலக் கழட்டிடுறேன் மாமா," என்றான் சடையப்பன். "என் வண்டிக்கு வூட்ல நான்தான ஆயில் மாத்துறேன்? அடியில இருக்குற போல்ட்டக் கழட்டுனா உள்ள இருக்கிறதெல்லாம் வெளிய வந்துடும். தண்ணி இருந்துதுன்னா அண்ணன் கால்ல வுழுந்து மன்னிப்பு கேக்குறேன்."

"இல்லன்னா?"

"பங்காளிங்க அத்தினி பேரும் இருக்கும்போதே கேப்பேன். வூட்டு நடுவுல செவுரு எழுப்பிடுவேன். என் சாவுக்குக்கூட அவரு வரக் கூடாது."

"ஏன்டா, இப்பவே பாத்துட்டுத் தொலையேன். ராவெல்லாம் ஏன் வெந்துக்கினு கெடக்குற?"

"இருட்டுல பாத்தா நான் பொய் சொல்றேன்னுவாரு. நாலு பேருக்கு முன்னால கழட்டணும். மழைக்குப் பயந்துட்டேன்டான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா விட்டுட்டிருப்பேன் மாமா. அப்பா சாவுல போயி பொய் சொல்றாரு பாரு..."

அம்மா விருத்தாம்பாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். விடிந்தால் கழற்றப்போகும் தாலி அவள் கைக்குள் இருந்தது.

காலையில் பந்தலுக்கு வந்த பங்காளிகள் வண்டியைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

"கருமாதி அன்னிக்கு என்னாடா இது?" என்றான் செல்வன். "சிதம்பரம் போயி மெக்கானிக்குகிட்ட காட்டிக்கிறேன் விடு."

"சிதம்பரம் வரைக்கும் தள்ளிக்கினேவா போவ? சும்மா நில்லுண்ணா. உன்கிட்ட கூலியா கேக்குறேன்?"

சடையப்பன் கேட்காமலே அம்மா ஒரு பழைய டப்பாவைக் கொண்டுவந்து இன்ஜினுக்கு அடியில் வைத்தாள். அவன் ஆயில் மாற்றும்போதெல்லாம் அவள்தான் வைப்பாள்.

ஸ்பேனரைத் திருப்பினான். போல்ட் கையோடு வந்தது.

முதலில் வந்தது தண்ணீர்தான். டப்பாவின் அடியில் இருந்த துரு தெரிய, சளசளவென்று கொட்டியது. அதற்குப் பின்னால்தான் ஆயில் மெதுவாக இறங்கியது.

"பாத்துக்கடா!" என்று கத்தினார் மாமா. "கூடப் பொறந்தவனச் சந்தேகப்பட்டியே, நீயெல்லாம் ஒரு ஆளா?"

"ஆயில் ஜோசியம் பாக்குறேன்னு கெளம்பிட்டாரு தொர!" என்றார் பங்காளி ஒருவர். அந்தச் சாவு வீட்டிலும் ரெண்டு பேர் சிரித்தார்கள்.

செல்வன் டப்பாவையே பார்த்தபடி நின்றான். கண் கலங்கியிருந்தது.

சடையப்பனும் டப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்தான். எல்லோரும் பார்க்க, குனிந்து அண்ணன் காலைத் தொட்டான்.

"தப்புதாண்ணா. மனசுல வச்சிக்காத."

"டேய்... எழுந்திருடா," என்றான் செல்வன்.

"சரி சரி, ரெண்டு பேரும் போயி குளிங்க. ஐயரு வந்துடுவாரு," என்று மாமா எல்லோரையும் கலைத்துவிட்டார்.

சடையப்பன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனான். அங்கே அம்மா சாம்பல் போட்டு விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் ஒட்டிய கறுப்பு போவதாயில்லை. அவனைப் பார்த்ததும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அவன் மண்ணெண்ணெய் நனைத்த துணியோடு பக்கத்தில் உட்கார்ந்தான். அந்தக் கையை வெளியே எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டான்.

"வெள்ளத் தண்ணின்னா சேறா இருக்கும்மா," என்றான், யாருக்கும் கேட்காமல். "நீ குடத்துத் தண்ணிய ஊத்திட்ட."