வெள்ளைக் குதிரைதான் வேணும்

வைகாசியில் இப்படி மழை கொட்டும் என்று யாரும் நினைக்கவில்லை. ஜட்கா வண்டிக்கார மரியமுத்து குதிரையை வீட்டுக்குள்ளேயே கட்டி, இரண்டு சாக்கும் போர்த்தியிருந்தார்.

மாப்பிள்ளை அழைப்புக்குப் பேசிவைத்திருந்த வெள்ளைக் குதிரையைக் கூட்டிப்போகக் கோட்டுச்சேரியிலிருந்து வந்திருந்த நடராசன் பதறினார். மாப்பிள்ளைக்கு அண்ணன் அவர்.

“புழுங்கிச் சாகப்போவுதுங்க! கோடை மழைதானே, வெளியில கட்டுங்க. கொஞ்சம் நனையட்டும்.”

“ஐயையோ, ஒரு சொட்டுகூட படக்கூடாதுங்க. சளி புடிச்சிக்கும்.”

“நேத்து பஸ் ஸ்டாண்டுல உங்க வண்டியில ஒரு செவலைக் குதிரை மழையில சொகமா நின்னுச்சே?”

“அது வேற குதிரைங்க,” என்று அவசரமாகக் குறுக்கிட்டாள் மரியமுத்துவின் மனைவி அமலராணி.

மனசு கேட்காமல் நடராசனே சாக்கை உருவினார். கையெல்லாம் சுண்ணாம்பு. சாக்கு உரசிய இடத்தில் நேற்றைய செவலை பளிச்சென்று தெரிந்தது.

மரியமுத்து தலையைச் சொறிந்தார்.

“வெள்ளைக் குதிரைதான் வேணும்னு பொண்ணு வீட்ல ஒத்தக் கால்ல நிக்கிறதா சொன்னீங்க...”

நடராசன் சாக்கை இழுத்து மறுபடியும் ஒழுங்காகப் போர்த்திவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“மாப்பிள்ளைக்கும் ஒரு சாக்கு எடுத்துக்கிட்டு வாங்க. அவன் தலையில இருக்கிறதும் காலையில பூசுன மைதான்.”