லூர்து ஊதிய பை

பாசிப்பயறைப் பிளாஸ்டிக் பையில் கொட்டியதும் லூர்து அதற்குள் ஊதுவாள். பையின் வாயை முறுக்கிப் பிடித்து, காதருகே வைத்து, எங்காவது கசிகிறதா என்று கேட்பாள். "காத்து போற வழியிலதாங்க வண்டு வரும்." பிறகு பையின் வாயை ரம்ப பிளேடின் மேல் மடித்து, மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தியின் சுடரில் ஓரத்தைக் காட்டி ஒட்டிவிடுவாள். ஊதிய காற்று உள்ளேயே இருந்துவிடும். "பயறா, பலூனா?" என்று கேலி செய்வார் கணவர் செபஸ்தியான்.

அவள் இறந்து நான்கு மாதமாகிறது. அவள் ஒட்டிய கடைசிப் பை உப்பியபடியே அலமாரியில் இருந்தது. யாரையும் அவர் பிரிக்க விடவில்லை.

இன்று மகள் பெனிட்டா அதை எடுத்துவந்தாள். "வண்டு வச்சிருச்சுப்பா. பயறுக்குள்ளயே முட்டை இருந்திருக்கும். பிரிச்சு வெயில்ல கொட்டிரட்டா?"

உள்ளே பழுப்பு வண்டுகள் லூர்துவின் மூச்சில் நடமாடிக்கொண்டிருந்தன. ஒன்று பையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தது.

செபஸ்தியான் பையை வாங்கி, லூர்து பிடிப்பது போலவே காதருகே பிடித்தார். குண்டூசி கனத்தில் காற்று காதில் பட்டது. துளையை அடைக்கப் போன விரல் பாதியில் நின்றது.

"என்னப்பா, கசியுதா?"

"கொஞ்சம் பேசாம இரும்மா" என்றார்.