இரண்டாவது வரி

காலையில் பெரிய சர்வர் படுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கணினிகளெல்லாம், அது தந்தால்தான் இயங்கமுடிகிற நெட்வொர்க் முகவரியைக் கேட்டுக் காத்துக் கிடந்தன. மாற்று சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தில்ஷாத்தை எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"இந்த மாதிரி நேரத்துக்குத்தானேம்மா ரெண்டாவது வெச்சிருக்கோம்?"

அவள் தலைகுனிந்து நின்றாள்.

கணினிகளின் கோரிக்கைகளை இரண்டு சர்வருக்கும் கொண்டுபோகவேண்டிய ரவுட்டரின் அமைப்புகளை நெட்வொர்க் பொறியாளர் தணிகைவேல் திறந்தான். ரவுட்டரை நிறுவிய அன்று அவன் அதில் எழுதிவைத்தது பெரிய சர்வரின் முகவரியை மட்டும்தான். தில்ஷாத் தினமும் துடைத்துவைத்த சர்வரிடம் ஒருநாளும் யாரும் எதுவும் கேட்டதே இல்லை.

விடுபட்ட இரண்டாவது முகவரியின் வரியைச் சத்தமில்லாமல் தட்டினான். கணினிகள் ஒவ்வொன்றாக உயிர்பெற்றன. கைதட்டல் அடிபோல அவன் முதுகில் விழுந்தது.

"ஸாரி சார், என் மெஷின்தான் கவுத்துடுச்சு," என்று தில்ஷாத் டீயை நீட்டினாள்.

அவன் வாயைத் திறந்தான்.

"சர்க்கரை போதுமா சார்?"

"போதும்," என்றான்.